உங்கள் வார்டுக்கு ஒரு நிருபர்: சென்னையில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

காலை ஆறேகால் மணி. குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்து விழுகிறது: "நாளைக்கும் நாளன்னைக்கும் மெட்ரோ வாட்டர் வராதாம்." யார் சொன்னது என்று கேட்டால் "ஃபார்வர்டு சார்" என்று பதில். ஏழு மணிக்குள் மூன்று தெருக்காரர்கள் லாரித் தண்ணீருக்குப் பதிவு செய்துவிடுகிறார்கள். மறுநாள் காலையில் யாரோ குழாயைத் திறந்து பார்க்க, தண்ணீர் வழக்கம்போலக் கொட்டுகிறது. அந்த வரி எந்த ஊருக்கு, எந்த வருடத்தில் எழுதப்பட்டதோ, யாருக்கும் தெரியாது.

மெட்ரோ வாட்டர் என்று நாம் சொல்லும் குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு விசாரித்து, "நம் பகுதியில் நிறுத்தம் எதுவும் கிடையாது, பேசியது இன்ன தேதி, இன்ன நேரம்" என்று எழுத ஒரு ஆள் இருந்திருந்தால் மூன்று தெருவின் லாரிக் காசு மிஞ்சியிருக்கும். அந்த ஆளாக இருப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். நான் தென்சென்னையில் ஒரு பேட்டை வார இதழுக்குச் சில வருடம் பகுதிநேர நிருபராக இருந்தவன். இப்போது எங்கள் வார்டுக்கு மட்டும் ஒரு வாட்ஸ்அப் செய்திமடல் நடத்துகிறேன். இதழியல் படித்தவனில்லை.

முதலில் ஒரு சின்னப் பின்னணி. சென்னையில் பேட்டைப் பத்திரிகை புதிதல்ல. 1994-ல் தொடங்கிய மயிலாப்பூர் டைம்ஸ் போல அடையாறு, மாம்பலம், அண்ணா நகர் என்று பல பகுதிகளுக்கும் இலவச வார இதழ்கள் வந்தன. வார இறுதியில் வாசலில் வந்து விழும். டியூஷன், வாடகை வீடு, கல்யாணச் சமையல், பிளம்பர் என்று ஓடிய குட்டி குட்டி விளம்பரங்கள்தான் அவற்றுக்குச் சோறு போட்டன. அந்த விளம்பரங்கள் கைபேசிக்குக் குடிபோய்விட்டன. இன்னொரு பக்கம் நகரம் வீங்கிவிட்டது. 2011-ல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 15 மண்டலம், 200 வார்டு. பெரிய நாளிதழின் சென்னைப் பக்கத்தில் இத்தனையும் அடங்க வேண்டும். அங்கே உங்கள் தெருவின் பெயர் வருவதற்கு வெள்ளமோ கொலையோ தேவைப்படுகிறது.

சரி, வேலைக்கு வருவோம்.

1. ஒரு தெருவில் தொடங்குங்கள்

புதிதாக வருகிறவர்கள் செய்கிற முதல் தவறு, "சென்னைச் செய்திகள்" என்று ஒரு சேனல் ஆரம்பிப்பது. பத்தாவது நாள் மூச்சு வாங்கிவிடும், பிறகு மற்றவர்கள் போட்டதை எடுத்துப் போடத்தான் நேரம் இருக்கும். உங்கள் வீட்டிலிருந்து நடந்து போய்த் திரும்ப ஒரு மணி நேரமாகும் எல்லையை வரைந்துகொள்ளுங்கள். முதல் இரண்டு மாதம் அதற்குள்ளேயே இருங்கள்.

ஒரே வழியில், ஒரே நேரத்தில், வாரம் மூன்று நாள் நடங்கள். வண்டி வேண்டாம். சுவரைப் பாருங்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கும்பாபிஷேக நோட்டீஸ், காதணி விழா பேனர், "வீடு வாடகைக்கு" அட்டை எல்லாமே செய்திதான். ஒரே தெருவில் நான்கு பழைய வீடுகளின் வாசலில் ஒரே கட்டுமான நிறுவனத்தின் தகரத் தடுப்பு நின்றால், அடுத்த மழைக்கு அந்தத் தெருவின் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் குறிப்பது சௌகரியம்தான், ஆனால் டீக்கடையில் ஒருவர் பேசும்போது நீங்கள் போனைத் தட்டினால் அவர் பேச்சு நின்றுவிடும். நோட்டைப் பார்த்தால் சிலர் இன்னும் நிதானமாக, திருத்திச் சொல்வார்கள். ஏனென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

2. பள்ளம் யாருடையது?

இதைத்தான் நான் அதிக நேரம் எடுத்துச் சொல்லப் போகிறேன். உள்ளூர்ச் செய்தியில் பாதித் தவறு இங்கேதான் நடக்கிறது.

நான் எழுதிய இரண்டாவதோ மூன்றாவதோ செய்தி, ஒரு சாலைப் பள்ளத்தைப் பற்றியது. "மாநகராட்சியின் அலட்சியம்" என்று காரமாக எழுதியிருந்தேன். இதழ் வந்த அன்று வார்டு பொறியாளர் ஒருவர் போன் செய்தார். கோபமே இல்லை. "சார், நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா அது எங்க ரோடே இல்லயே" என்றார். அந்தச் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, பள்ளம் தோண்டியது குடிநீர் வாரியம். நான் திட்டிய ஆளுக்கும் அந்தப் பள்ளத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அதனால் எழுதுமுன் உடைமை தெரிந்தாக வேண்டும். உட்புறத் தெருக்கள் மாநகராட்சியின் மண்டல அலுவலகத்தின் கீழ் வரும். பஸ் போகும் சாலைகளுக்கு மாநகராட்சியிலேயே தனிப் பிரிவு இருக்கிறது. அண்ணா சாலை போன்ற பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம். குடிநீரும் கழிவுநீரும் 1978-ல் ஏற்பட்ட சென்னைக் குடிநீர் வாரியத்திடம். மழைநீர் வடிகாலும் தெருவிளக்கும் குப்பையும் மாநகராட்சியிடம். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் நீர்வளத் துறையிடம். மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர் என்பதால் அதன் தகரத் தடுப்பு உங்கள் பகுதியிலும் இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குள் இருக்கும் பள்ளத்துக்கு மெட்ரோ ரயில் நிறுவனத்தைக் கேட்க வேண்டும்.

ஒரு சின்ன வழி: சாலை நடுவில் வட்ட மூடி இருந்தால் பெரும்பாலும் கழிவுநீர்க் குழி, வாரியத்துடையது. ஓரத்தில் சதுரமாகவோ நீளமாகவோ மூடி இருந்தால் பொதுவாக மழைநீர் வடிகால், மாநகராட்சியுடையது. விதிவிலக்கு உண்டு, இருந்தாலும் முதல் போனை யாருக்குப் போடுவது என்பதற்கு இது உதவும். வேலை நடக்கும் இடத்தில் பணியின் பெயர், ஒப்பந்ததாரர், தொகை எழுதிய பலகை இருந்தால் அன்றே படம் எடுத்துவிடுங்கள். வேலை முடியுமுன்பே பலகை காணாமல் போகும்.

எங்கள் பகுதியில் கேட்கிற பெரிய புலம்பல், ரோடு போடப் போட வீடு பள்ளத்தில் இறங்குகிறது என்பதுதான். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய தார் போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். ஆகவே ராத்திரி ரோடு போட வண்டி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, மில்லிங், அதாவது பழைய தாரைச் சுரண்டும் வேலை, நடந்ததா என்பது. முந்தின நாள் வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தை ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள், மறுநாள் அதே இடத்தில் இன்னொரு படம். இந்த இரண்டு படமும் பத்துப் பத்தி எழுத்தைவிட வேகமாக வேலை செய்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மாநகராட்சிக்குப் புகார் சொல்லும் தொலைபேசி எண் 1913 எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நீங்களே புகார் கொடுத்துப் புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "புகார் வரவில்லை" என்று சொல்ல முடியாமல் போகும்.

3. ஆட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

கவுன்சிலர், சங்கத் தலைவர், இன்ஸ்பெக்டர் என்று பட்டியல் போடுவது எளிது. அவர்கள் சொல்வது எல்லோருக்கும் சொல்வதுதான். தெருவில் நடப்பது முதலில் தெரிவது வேறு ஆட்களுக்கு: இஸ்திரி வண்டி அண்ணன், ஆவின் பூத் அக்கா, ஆட்டோ ஸ்டாண்டு, இரவு வாட்ச்மேன், ரேஷன் கடை வரிசை. எங்கள் தெருவில் நடுராத்திரி கேபிள் பள்ளம் தோண்டியதைச் சொன்னது இஸ்திரி அண்ணன்தான். "தம்பி, ரெண்டு மணிக்கு வந்தானுங்க, நாலு மணிக்கு மண்ணத் தள்ளிட்டுப் போயிட்டானுங்க" என்றார். தோண்ட அனுமதி இருந்ததா என்ற கேள்வி அங்கிருந்து பிறந்தது.

தூய்மைப் பணியாளர்களிடம் பேசுங்கள். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அகற்றும் வேலை தனியாரிடம் போவதை எதிர்த்து அவர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஊருக்கே விஷயம் தெரிந்தது. காலை ஆறு மணிக்கு அவர்கள் கையெழுத்துப் போடும் இடத்தில் நின்று பேசிப் பழகிய ஒருவருக்கு அது முன்பே தெரிந்திருக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: அவர்கள் பெயரைப் போட்டால் வேலை போகலாம். கேட்காமல் போடாதீர்கள். "போட்டுக்கோங்க தம்பி" என்றாலும், போட்டால் என்ன ஆகக்கூடும் என்று விளக்கிவிட்டு இன்னொரு முறை கேளுங்கள்.

4. கூட்டத்துக்குப் போங்கள், தாளைப் படியுங்கள்

2016 அக்டோபரில் மாமன்றத்தின் (கவுன்சிலர்கள் கூடும் மாநகராட்சி மன்றம்) காலம் முடிந்து, 2022 பிப்ரவரி தேர்தல் வரை சென்னைக்குக் கவுன்சிலரே இல்லை. அந்த ஐந்தாண்டில் வார்டுச் செய்தி என்றால் அதிகாரி சொன்னதுதான். இப்போது மாமன்றக் கூட்டம், மண்டலக் குழுக் கூட்டம், வார்டின் ஒரு பகுதி மக்களைக் கூட்டி நடத்தும் பகுதி சபை என்று மூன்று அடுக்கு இருக்கிறது. மாமன்றக் கூட்டத்துக்குப் பெரிய பத்திரிகைக்காரர்கள் போவார்கள். மண்டலக் குழுவை யாரும் அவ்வளவாகச் சீந்துவதில்லை, உங்கள் தெரு அங்கேதான் பேசப்படும். பகுதி சபை எப்போது என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே இருங்கள். அறிவிப்பு பல நேரம் முந்தின நாள்தான் வரும். நடந்து முடிந்தபின் போட்டோ மட்டும் வருவதும் உண்டு.

தீர்மானங்களும் வரவு செலவுத் திட்டமும் மாநகராட்சி இணையதளத்தில் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கும். டெண்டர்கள் தமிழக அரசின் டெண்டர் தளத்தில் வரும். நீண்ட தாள்தான். உங்கள் வார்டு எண்ணை மட்டும் தேடிப் படித்தால் போதும்.

5. கிடைக்காத தாளை ஆர்.டி.ஐ. போட்டு வாங்குங்கள்

தகவல் உரிமைக்கு (ஆர்.டி.ஐ.) மாநில அளவில் முதலில் சட்டம் கொண்டுவந்தது தமிழ்நாடுதான், 1997-ல். நாடு முழுமைக்குமான சட்டம் 2005-ல் வந்தது. நடைமுறை எளிது: வெள்ளைத் தாளில் "பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர்" என்று எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இணையத்திலும் போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது.

இங்கே புதியவர்கள் தோற்பது கேள்வியில்தான். "எங்கள் தெருவுக்கு ஏன் ரோடு போடவில்லை?" என்று கேட்டால் கிடைக்காது. சட்டம் தருவது ஏற்கெனவே இருக்கிற தாளை. இப்படிக் கேளுங்கள்:

"வார்டு எண் ___, ___ தெருவில் 01.04.2023 முதல் இன்றுவரை நடந்த சாலைப் பணிகளின் பணி ஆணை நகல், ஒப்பந்ததாரர் பெயர், ஒப்பந்தத் தொகை, அளவுப் புத்தகத்தின் (எம்-புக்) தொடர்புடைய பக்கங்களின் நகல், ஒப்பந்ததாரர் சொந்தச் செலவில் பழுது பார்க்க வேண்டிய காலம் முடியும் தேதி ஆகியவற்றைத் தரவும்."

எம்-புக் என்ற சொல்லைப் பார்த்தாலே அலுவலகத்தில் உங்களைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார்கள். எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு கனம் என்று பொறியாளர் அளந்து கையெழுத்திட்ட புத்தகம் அது. அதில் 180 மீட்டர் என்று இருந்து, நீங்கள் டேப் பிடித்துப் பார்க்கும்போது 140 வந்தால், செய்தி தன்னால் உட்கார்ந்துவிடும். நகல் அதிகமாகும் என்று இழுத்தடித்தால், கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள், சட்டம் அதற்கும் இடம் தருகிறது. தனிநபர் விவரம் என்று சொல்லி மறுக்கும் வழி, 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் இன்னும் அகலமாகியிருக்கிறது. அதனால் ஆளைப் பற்றிக் கேட்காமல் பணியைப் பற்றிக் கேட்பதே புத்திசாலித்தனம்.

6. ஃபார்வர்டை நிறுத்திப் பாருங்கள்

2015 டிசம்பர் வெள்ளத்தில், 1878-ல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழே டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியவில்லை. பேப்பர் வராத அதே நாட்களில், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற செய்தி மட்டும் தங்குதடையில்லாமல் எல்லா வீட்டுக்கும் வந்தது. அது பொய் என்று பண்ணை சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வருடத்து வெள்ளப் படங்கள் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் மறுபடி கிளம்பும். ஒரு படத்தைக் கொடுத்து அது முன்பு எங்கே வந்தது என்று தேடும் வசதி கூகுளில் இருக்கிறது, அதைப் பழகிக்கொள்ளுங்கள். ஆனால் உள்ளூர்க்காரனுக்கு அதைவிட நல்ல கண் உண்டு. படத்தில் சுவரில் எந்த சினிமா போஸ்டர் ஒட்டியிருக்கிறது? அந்த மூலையில் இப்போது மெட்ரோ தடுப்பு இருக்க வேண்டுமே, எங்கே? கடை போர்டில் இருப்பது மூன்று வருடம் முன்பு மூடிய கடையா? கூகுள் தடுமாறும் இடத்தில் போஸ்டர் காட்டிக்கொடுத்துவிடும்.

தொலைக்காட்சி சேனல்களின் பெயரில் வரும் போலி நியூஸ் கார்டுகள் தனி வியாதி. லோகோ, வண்ணம் எல்லாம் சரியாக இருக்கும், எழுத்துரு மட்டும் கொஞ்சம் தடுக்கும். அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தில் அதே தேதியில் அந்தக் கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அனுப்பாதீர்கள்.

என் அனுபவத்தில், வேகத்தில் வாட்ஸ்அப்பை முந்த முடியாது, முந்த ஆசைப்பட்டால் நீங்களும் ஒரு ஃபார்வர்டு ஆகிவிடுவீர்கள். ஒரு மணி நேரம் தாமதமாக வாருங்கள், விசாரித்துவிட்டு வாருங்கள்.

7. எழுதுவது

"இன்று", "நாளை" என்ற சொற்களை விட்டுவிடுங்கள். "நாளை மின்தடை" என்று எழுதினால் அது மூன்று மாதம் கழித்தும் யாரோ ஒருவரின் நாளையில் சுற்றிக்கொண்டிருக்கும். கிழமை, தேதி, நேரம், தெருப் பெயர் எல்லாம் முதல் வரியிலேயே வரட்டும். யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பது இரண்டாவது வரி. கடைசியில் உங்கள் மடலின் பெயர்.

"பொதுமக்கள் கடும் அவதி", "சமூக ஆர்வலர்கள் கோரிக்கை" போன்ற வரிகளை எழுத வரும்போது கையை எடுத்துவிடுங்கள். எத்தனை வீடு, எத்தனை நாள், எந்தப் பாட்டி எந்த மாடிக்குக் குடம் தூக்கினார் என்று எழுதினால் அவதி தானே தெரியும்.

குறை சொல்லப்பட்டவரிடம் பதில் கேளுங்கள். போன் எடுக்காவிட்டால், எந்த நேரத்தில் எத்தனை முறை அழைத்தீர்கள் என்று எழுதுங்கள்.

படம் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். டாஸ்மாக் கடையால் தெருவுக்குத் தொந்தரவு என்ற செய்தியோடு, கடைக்குப் பக்கத்தில் நடைபாதையில் படுத்திருந்த ஒருவரின் படத்தைக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் வந்தது. இரண்டு நாள் கழித்து அவருடைய மகள் வந்தாள். அவர் ஆட்டோ ஓட்டுகிறவர், சர்க்கரை குறைந்து மயங்கிக் கிடந்திருக்கிறார், வாழ்க்கையில் குடித்தவரில்லை. அடுத்த வாரம் வருத்தம் தெரிவித்து நான்கு வரி போட்டோம், நான்காம் பக்கத்தில். அந்தப் பெண் அதற்குப் பிறகு எங்களிடம் பேசவில்லை. இப்போது நான் தவறு செய்தால், செய்தி எந்த இடத்தில் வந்ததோ அதே இடத்தில், அதே அளவில் திருத்தம் வரும். தெரியாத ஆளின் முகம் என் மடலில் வராது.

8. சட்டம், கொஞ்சம்

அவதூறு இன்னும் கிரிமினல் குற்றம்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள், 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356 ஆகியிருக்கின்றன. இரண்டு வருடம் வரை சிறை. எழுதியது உண்மை என்றால் மட்டும் போதாது, பொது நன்மைக்காக எழுதினோம் என்பதும் நிற்க வேண்டும். ஆறுதலுக்கு நம்மூர் வழக்கு ஒன்று இருக்கிறது: கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது தொடர்பாக நக்கீரன் இதழின் ஆசிரியர் தொடுத்த வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம், பொது ஆவணங்களில் உள்ளவற்றை வெளியிடலாம் என்றது. அதற்கும் ஒரு வரம்பு உண்டு. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம், எஃப்.ஐ.ஆரிலேயே இருந்தாலும் வரக்கூடாது. குழந்தைகள் விஷயத்தில் பெயர் மட்டுமல்ல, பள்ளி, தெரு, பெற்றோர் பெயர் என்று அடையாளம் காட்டும் எதுவும் கூடாது. பகுதி வாட்ஸ்அப் குழுக்கள் இதைத்தான் முதலில் போடுகின்றன.

அச்சிட்டு இதழாகக் கொண்டுவர ஆசை வந்தால் பதிவு செய்ய வேண்டும். 1867-ன் பத்திரிகைப் பதிவுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம் 2024 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது, விண்ணப்பமெல்லாம் இணையத்தில்தான்.

9. காசு

இதில் சம்பாத்தியம் கிடையாது. பெட்ரோல் காசு வந்தால் பெரிய விஷயம். பக்கத்து மருந்துக்கடை, டியூஷன் சென்டர் விளம்பரம் வாங்கலாம், மேலே "விளம்பரம்" என்று எழுதிவிடுங்கள். கவுன்சிலரின் பிறந்தநாள் வாழ்த்தை நான் வாங்குவதில்லை. வாங்கினால் தப்பா என்று கேட்டால், தப்பில்லை, ஆனால் அதற்கடுத்த வாரம் வடிகாலைப் பற்றிக் கேட்கும்போது குரல் கொஞ்சம் இறங்குகிறது. பிரஸ் மீட்டில் கவர் நீட்டுவார்கள். முதல் முறையே மறுத்துவிடுங்கள், இரண்டாம் முறை நீட்ட மாட்டார்கள். வண்டியில் "பிரஸ்" ஸ்டிக்கர் வேண்டாம்.

10. திரும்பிப் போங்கள்

நோட்டின் கடைசிப் பக்கங்களில் மூன்று கட்டம் போடுங்கள். யார், என்ன வாக்குக் கொடுத்தார். எந்தத் தேதிக்குள் என்றார். நான் திரும்பிப் போகும் நாள். வாட்ஸ்அப் குழுவில் ஐநூறு பேர் பள்ளத்தைப் படம் எடுத்துப் போடுவார்கள். முப்பது நாள் கழித்து அதே பள்ளத்தைப் பார்க்க யாரும் போவதில்லை. அங்கேதான் உங்களுக்கு வேலை இருக்கிறது. சரியாகிவிட்டால் அதையும் எழுதுங்கள், முடித்த பொறியாளருக்கு நன்றி சொல்லி. அடுத்த முறை அவர் போன் எடுப்பார்.

என் நோட்டில் வரும் செவ்வாய்க்கிழமைக்கு ஒரு வரி இருக்கிறது: ஆரம்பப் பள்ளி எதிரே வடிகால் மூடி உடைந்து, மேலே ஒரு பழைய கதவுப் பலகை போட்டிருக்கிறார்கள். "பத்து நாளில் மாற்றிவிடுவோம்" என்று சொன்னது மூன்றாவது தடவை. பிள்ளைகள் உள்ளே போகிற எட்டே முக்காலுக்குப் போய், பலகை இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.